பழைய டிராக்டருக்கு எஞ்சின் வேலை: மேட்டூர் திறப்பதற்குள் முடிக்கும் வழி

ஜனவரி 28 மேட்டூர் மூடும் கணக்கு, ஜூன் 12 திறக்கும் கணக்கு. டெல்டாவில் டிராக்டர் வைத்திருப்பவர் எஞ்சினைப் பிரிக்கலாம் என்றால் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் முடியும். அதிலும் சம்பா, தாளடி அறுப்பு, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு அடிப்பது, வைக்கோல் ஏற்றுவது என்று மாசி முழுக்கப் போய்விடும். மிஞ்சுவது பங்குனியும் சித்திரையும். வைகாசி பிறந்துவிட்டால் மன்னார்குடி, கும்பகோணம், தஞ்சாவூர் என்று எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் உங்களுக்கு முன்னால் பத்து கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) வரிசையில் கிடக்கும். பங்குனி முதல் வாரத்திலேயே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன பழைய மூன்று சிலிண்டர் வண்டியை முதன்முதலாக எஞ்சின் வேலைக்கு விடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் நீங்களே கையால் செய்யவேண்டும் என்றில்லை. மெக்கானிக் அண்ணன் செய்யட்டும். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கவும், எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கவேண்டும் என்று அறியவும் வேண்டும். எங்கள் வீட்டு வண்டி மாசி ஃபெர்குசன் 1035, சிம்சன் எஞ்சின். இங்கிலாந்தின் பெர்கின்ஸ் 152 குடும்பத்தில் வந்தது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 91.4 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 127 மி.மீ., மொத்தம் இரண்டரை லிட்டர். இங்கே நான் சொல்லும் அளவுகள் அந்தக் குடும்பத்துக்கானவை. வேறு வண்டி என்றால் அதன் சர்வீஸ் மேனுவலை வாங்கி வைத்துக்கொண்டுதான் ஸ்பேனரைத் தொடவேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: என்ன போச்சு என்று பார்ப்பதற்கு முன் ஏன் போச்சு என்று பாருங்கள். எங்கள் வண்டிக்கு முதல் தடவை லைனர் (பிஸ்டன் ஓடும் உள்குழாய்), பிஸ்டன், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டோம். அந்த வருஷம் தாளடி உழவு முடிவதற்குள் பழையபடி நீலப்புகை. திரும்பப் பிரித்தால் பிஸ்டனைச் சுற்றிய புது ரிங் தேய்ந்து கத்தி போல இருந்தது. காரணம் ஏர் கிளீனரிலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். கிளிப்புக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. ஒரு போகம் முழுக்க எஞ்சின் அந்த வழியாகத் தூசியை இழுத்திருக்கிறது. முதல் தடவை பிரித்த பட்டறையில் அந்த ஹோஸைக் கழற்றி, அப்படியே திரும்ப மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்றிருந்த எனக்கும் அதை வளைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பிரிப்பதற்கு முன்

புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நாசில் (டீசலைப் பீச்சும் முனை), டீசல் பம்ப், ஏர் கிளீனர் பக்கம் போகவேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் எரியாமல் போகிறது, இல்லையேல் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கறுப்புப் புகைக்காக எஞ்சினை இறக்கிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நாசில் டெஸ்டிங்கில் தீர்ந்திருக்கவேண்டிய வேலை அது.

அடுத்து பிரீதர் குழாய், எஞ்சின் மூச்சு விடும் குழாய். வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு அதன் வாயில் உள்ளங்கையை வையுங்கள். லேசான மூச்சு இருக்கலாம். குப்குப் என்று தள்ளினால் ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது என்று பொருள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஸ்டார்ட் செய்யக்கூடாது.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஸ்லோவில் ஓடும்போது நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியதும் எஞ்சின் சத்தம் மாறவில்லை என்றால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. அந்த இடத்தில் வெறுங்கையை நீட்டாதீர்கள். அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய காயம் அது.

சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் டீசல் கம்ப்ரஷன் கேஜ் கிடைத்தால் மூன்று சிலிண்டரையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டிக் கேஜ் இதற்குத் தாங்காது. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அங்கேதான் கதை இருக்கிறது. ஆயில் பிரஷர், சூடான எஞ்சினில் முழு வேகத்தில் 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் பேரிங், கிராங்க், ஆயில் பம்ப் மூன்றையும் பார்க்காமல் விடமுடியாது. பிரஷர் நன்றாக இருந்து புகை மட்டும் என்றால் பாதி எஞ்சின் வேலையோடு, அதாவது ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), லைனர், பிஸ்டனோடு, நிற்க வாய்ப்பு உண்டு.

இறக்குவது

காருக்கும் டிராக்டருக்கும் இங்கே பெரிய வித்தியாசம் இருக்கிறது. டிராக்டருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. முன் அச்சு எஞ்சினில் தொங்குகிறது, எஞ்சின் கிளட்ச் ஹவுசிங்கில் தொங்குகிறது. எஞ்சினைக் கழற்றினால் வண்டியே இரண்டாகப் பிரியும். அதோடு முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடும் அமைப்பு. பிரித்த மறுநொடி எஞ்சின் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். எனவே போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே அச்சுக்கும் அதைத் தாங்கும் வார்ப்புக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்கவேண்டும். கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் நல்ல கட்டை, எஞ்சினுக்கு அடியில் தனிக் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை விடவே கூடாது. தரை சிமெண்டாக இருக்கட்டும். களத்துமேட்டு மண்ணில் ஜாக்கி இறங்கிவிடும். பங்குனிக் காற்றில் பதரும் தூசியும் பேரிங்கில் வந்து உட்காரும்.

கழற்றுவதை எல்லாம் போனில் படம் எடுங்கள். புஷ் ராடு, டேப்பெட், வால்வு எல்லாம் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்துக்குத்தான் திரும்பப் போகவேண்டும். ஒரு அட்டைப்பெட்டியில் ஆறு துளை போட்டு எண் எழுதிச் செருகி வைத்தால் போதும். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் ஜோடி மாறவே கூடாது. எண் தெரியவில்லை என்றால் பெயிண்டில் புள்ளி வைத்துவிடுங்கள்.

வண்டல்

ஹெட்டைக் கழற்றியதும் எல்லோரும் பிஸ்டனைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகட்டு மூடிகளை, கோர் பிளக் என்பார்கள், கழற்றச் சொல்லுங்கள். எங்கள் வண்டியில் கடைசி சிலிண்டர் பக்கத்து மூடியை உளியால் திருப்பி எடுத்தபோது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. விரலை விட்டேன், உள்ளே களிமண். கம்பியை வளைத்துக் குடைந்து எடுக்க எடுக்க, மடையில் படியும் அதே வண்டல், கரும்பழுப்பாக, துரு வாடையோடு ஒரு சட்டி நிறைய வந்தது. வருஷக்கணக்காக வயலில் ரேடியேட்டர் கொதித்தபோதெல்லாம் வாய்க்காலில் மொண்டு ஊற்றிய தண்ணீர். நெல்லுக்கு உரமான அந்த மண் சிலிண்டர் சுவரைச் சுற்றிக் கல்லாக இறுகிக் கிடந்தது. தண்ணீர் வாட்டர் பம்ப்பிலிருந்து முன்பக்கம்தான் நுழைகிறது. கடைசி சிலிண்டர் வரை போவதற்குள் வேகம் குறைந்து மண் அங்கே படிந்துவிடுகிறது. அந்த சிலிண்டர் பிஸ்டன் மட்டும் சிராய்த்திருந்ததற்கு வேறு காரணம் தேடவேண்டியிருக்கவில்லை.

பிளாக்கைக் குடைந்து, அழுத்தத்தில் தண்ணீர் அடித்து, தெளிவாக வரும்வரை கழுவவேண்டும். ரேடியேட்டரையும் தனியாகக் கழற்றிக் கொடுத்து ராடு விட்டுச் சுத்தம் செய்யவேண்டும். இனிமேல் கூலன்ட் மட்டும். கலந்தே வருவதை வாங்குங்கள், இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். வேதாரண்யம், தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே இருப்பவர்கள் போர்வெல் தண்ணீரைக் கனவிலும் ஊற்றவேண்டாம். அந்த உப்பு ஹெட்டையும் வாட்டர் பம்ப்பையும் அரித்துத் தின்றுவிடும்.

அளப்பது

லைனர் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, மேல் ரிங் திரும்பும் இடத்தில், நகத்தை வைத்து மேலே இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு படியில் தட்டினால் தேய்மானம் உண்டு. ஆனால் முடிவு நகத்தால் எடுக்கக்கூடாது. போர் கேஜால் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் நீளவாட்டம், குறுக்குவாட்டம் இரண்டிலும் அளந்து தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தேய்மானம் 0.2 மி.மீ.யை நெருங்கிவிட்டால் லைனர் மாற்றவேண்டியதுதான். வெறும் ரிங் மட்டும் மாற்றி ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த அளவுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். முட்டை வடிவமாகிவிட்ட போரில் வட்டமான புது ரிங் உட்காராது.

இந்தக் குடும்ப எஞ்சினில் இருப்பது உலர் லைனர், அதாவது தண்ணீர் நேரடியாகத் தொடாதது. பிளாக்கில் அழுத்தி ஏற்றிப் பிறகு போர் போட்டு ஹோனிங் (உட்சுவரைக் கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது) செய்யும் வகையும் உண்டு, முடித்த அளவிலேயே வருவதும் உண்டு. எதை வாங்குகிறீர்கள் என்று பட்டறைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகவேண்டும். வேறு சில வண்டிகளில் ஈர லைனர். அதற்கு ரப்பர் ரிங்கும், லைனர் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்ற அளவும் உயிர்.

கிராங்க்கை ஒவ்வொரு ஜர்னலிலும், அதாவது பேரிங்கில் சுழலும் பகுதியிலும், இரண்டு வாட்டத்தில் அளக்கவேண்டும். கிரைண்டிங் என்றால் பத்து, இருபது, முப்பது என்று பட்டறையில் சொல்வார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. கிரைண்ட் செய்து அளந்த பிறகுதான் பேரிங் வாங்கவேண்டும், முன்கூட்டி வாங்கக்கூடாது. ஜர்னலின் ஓரத்தில் இருக்கும் சிறு வளைவு அப்படியே இருக்கவேண்டும். அதைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் பின்னாளில் கிராங்க் அந்த இடத்தில்தான் முறியும். ஆயில் துளைகளில் கிரைண்டிங் தூள் நிற்கும். டீசலும் பிரஷ்ஷும் விட்டு நீங்களே இன்னொரு முறை கழுவுங்கள்.

ஹெட்டில் வால்வைச் செருகி ஸ்பிரிங் மாட்டிய பிறகு கவிழ்த்து வைத்து, வால்வுத் தலை உட்காரும் குழியில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கொஞ்ச நேரம் பாருங்கள். போர்ட் பக்கம் கசிந்தால் சீட் கட்டிங்கும் லாப்பிங்கும் (வால்வு உட்காரும் இடத்தை வெட்டித் தேய்த்துப் பொருத்துவது) திரும்பச் செய்யவேண்டும்.

கோர்ப்பது

ஹோனிங் முடிந்த பிளாக்கை டீசலில் மட்டும் கழுவினால் போதாது. அரைத்த தூள் போரின் கீறலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். சுடுதண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளை வேட்டித் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரவேண்டும். வந்த உடனே ஆயில் தடவிவிடுங்கள். அரை மணியில் துரு பூத்துவிடும்.

புது ரிங்கை பிஸ்டனில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அதனதன் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு நேராகக் கீழே தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவில் ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். இந்தப் போர் அளவுக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இடைவெளி இருக்கலாம். இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து முனைகள் முட்டி ரிங் உடையும். எல்லா ரிங்கின் வாயும் ஒரே கோட்டில் வராமல் சுற்றிப் பரப்பி வையுங்கள். எழுத்து இருக்கும் பக்கம் மேலே.

கிராங்க்கை உட்காரவைத்து அதைப் பிடிக்கும் மெயின் கேப் ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்கும்போது, ஒவ்வொரு கேப்புக்கும் பிறகு கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். எந்தக் கேப்புக்குப் பிறகு பிடிக்கிறதோ அங்கே நின்று கழற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுக் கடைசியில் கம்பி போட்டு நெம்பிச் சுற்றுவது புது பேரிங்கைக் கொல்லும் வேலை.

டைமிங் கியரில் புள்ளிகள் எல்லாம் நேருக்கு நேர் வந்த பிறகு படம் எடுத்துக்கொண்டு மூடுங்கள். இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகு நடுக் கியரின் புள்ளி நேராக வராது. அதன் பல் எண்ணிக்கை அப்படி, பதற வேண்டியதில்லை.

ஹெட் நட்டை நடுவிலிருந்து வெளியே சுற்றி, மூன்று கட்டமாக ஏற்றவேண்டும். இந்த எஞ்சினுக்குக் கடைசி அளவு 60 அடி பவுண்டு. ‘கை அளவு தெரியும்’ என்று நீளக் கம்பி போட்டு இறுக்குவதை அனுமதிக்காதீர்கள். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.30 மி.மீ. ஒவ்வொரு சிலிண்டரிலும் இன்லெட் வால்வு அழுந்தி மேலே வந்த பிறகு இன்னும் கால் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் இரண்டு ராக்கரும் தளர்ந்திருக்கும். அப்போது அளவு வையுங்கள்.

டீசல் பம்ப்பையும் நாசிலையும் காலிப்ரேஷனுக்கு (அளவு சரிபார்த்துத் திருத்துவது) கொடுக்காமல் புது எஞ்சினில் மாட்டவேண்டாம். கையில் காசு குறையும்போது எல்லோரும் வெட்டுவது இந்தச் செலவைத்தான். ஒழுகும் நாசில் டீசலால் லைனரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், புது பிஸ்டனின் தலையில் துளையும் போடும். நாசிலுக்கு அடியில் பழைய செம்பு வாஷர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதை எடுக்காமல் மேலே இன்னொன்றைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

எதை மேம்படுத்தலாம்

ஏர் கிளீனருக்குத்தான் முதல் இடம். ஆயில் கிண்ணம் வைத்த பழைய வகை கெட்டதல்ல. ஆனால் வைக்கோல் கட்டும் காலத்தில் தினமும் கிண்ணத்தைக் கழுவி அளவாக ஆயில் ஊற்றுகிறவர் யார்? உள்ளே இன்னொரு பாதுகாப்பு எலிமென்ட் உள்ள உலர் வகைக்கு மாறுங்கள். உங்கள் எஞ்சின் இழுக்கும் காற்றுக்குப் பொருந்தும் அளவா என்று பார்த்து வாங்குங்கள். ஹோஸும் கிளிப்பும் புதிது. டீசல் லைனில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், ஒழுங்காக வேலை செய்யும் டெம்பரேச்சர் முள்ளும் ஆயில் பிரஷர் முள்ளும், ரேடியேட்டருக்கு முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய ஒரு கம்பி வலை. அறுப்பு நேரத்தில் பதர் அடைத்துக் கொதிக்கும் வண்டிகளுக்கு அந்த வலை ஒன்றே பாதி நோயைத் தீர்க்கும்.

டீசல் பம்ப்பின் அளவை ஏற்றிவிட்டு இழுவையைக் கூட்டுகிறேன் என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கறுப்புப் புகையாகப் போவது உங்கள் டீசல். கூடுதல் சூட்டைத் தாங்க இந்த பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீச்சும் ஏற்பாடு கிடையாது; கிளட்ச்சும் பின் கியரும் 35 குதிரைக்குச் செய்தவை. டர்போ மாட்டுவதும் இதே கணக்குதான். பெரிய ரோட்டவேட்டர் இழுக்கவேண்டும் என்றால் பெரிய வண்டி வேண்டும்.

பிளாக்கே வெடித்து வேறு பிளாக் போடுவதாக இருந்தால் எஞ்சின் எண் மாறும். பில்லை வைத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் திருத்திவிடுங்கள். விற்கும்போதும் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் அது இல்லாமல் நகராது.

முதல் ஐம்பது மணி நேரம்

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்டாப் ராடை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு ஃபில்டர், பம்ப், கடைசியாக நாசில் நட்டு என்ற வரிசையில் டீசல் லைனில் நிற்கும் ஏரை எடுக்கவேண்டும். நுரை நின்று கட்டியாக டீசல் வரும்வரை. எஞ்சின் பிடித்ததும் கண் பிரஷர் முள்ளில் இருக்கட்டும். பத்து வினாடியில் ஏறவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

மணிக்கணக்காக ஸ்லோவில் ஓடவிடுவதுதான் ரன்னிங், அதாவது புது எஞ்சினைப் பழக்குவது, என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விட்டால் லைனர் கண்ணாடி போல மெருகேறி, ரிங் உட்காராமல் ஆயில் குடிக்கத் தொடங்கும். நடுத்தர வேலை கொடுங்கள்: பாதி பாரத்தில் டிரெய்லர், சித்திரை மழைக்குப் பிறகு கோடை உழவு. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முழு பாரமும் சேற்றுழவும் மட்டும் வேண்டாம். முதல் நாள் சூடேறி ஆறிய பிறகு ஹெட் டார்க்கையும் வால்வு இடைவெளியையும் மறுபடி பார்க்கவேண்டும்.

ஐம்பது மணி ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை மெல்லிய துணியில் வடிகட்டி, துணியை வெயிலில் பிரித்துப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் இருக்கும். அது ரிங் உட்கார்ந்த பொடி. மினுக்கும் செதிலோ செம்பு நிறத் துணுக்கோ இருந்தால் அடிப்பாத்திரத்தைத் திறந்து பேரிங்கைப் பாருங்கள். துணி சுத்தமாக இருந்தால் கேஜ் வீலை, அதாவது சேற்றுழவு இரும்புச் சக்கரத்தை, மாட்டலாம். மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் இருக்கிறது. அதற்குள் ஏர் கிளீனர் கிளிப்பை இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள்.